சொந்த ஆலை இல்லாமல் சொந்தப் பானம்: சென்னையில் பிறர் லைனில் இஞ்சி சோடா போட ஒரு வழிகாட்டி

உங்கள் பெயரில் ஒரு பானம் சென்னைக் கடைகளில் நிற்க வேண்டும் என்றால் ஆலை கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பியர் உலகில் இது பழகிப்போன வழி. டென்மார்க்கின் மிக்கெலர் 2006இல் தொடங்கியபோது சொந்த ஆலை கிடையாது. மற்றவர்கள் ஆலையில் இடம் வாங்கித்தான் காய்ச்சினார்கள். நம் ஊரில் சோடா, குளிர்பானம் நிரப்பும் சிறிய ஆலைகளும் இதையே செய்து தருகின்றன. 'தேர்ட் பார்ட்டி', 'ஜாப் ஒர்க்', 'கோ-பேக்கிங்' என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

சிக்கல் என்னவென்றால் முழுக்கதையையும் சொல்லித் தர ஆள் இல்லை. ஆலைக்காரர் லைசென்ஸ் உங்கள் வேலை என்பார். ஆடிட்டர் லேபிள் பற்றித் தனக்குத் தெரியாது என்பார். அச்சகத்துக்காரர் "மேட்டர் குடுங்க சார், அடிச்சுடலாம்" என்பார். நான் அலைந்து சேர்த்ததை, வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். இதில் பணம் வீணாவது பெரும்பாலும் சரியான வேலையைத் தப்பான நேரத்தில் செய்வதால்தான்.

1. பியரா, சோடாவா? முதலில் இதை முடியுங்கள்

உண்மையான பியர்தான் வேண்டும் என்றால் சென்னை அதற்கான இடம் இல்லை. மதுவின் மொத்த வியாபாரம் டாஸ்மாக் கையில். கடை விற்பனையும் 2003 முதல் அவர்களிடம்தான். நண்பர்களுக்காக வீட்டில் ஒரு குடம் காய்ச்சினாலும் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தில் குற்றம். மாநிலத்துக்கு மாநிலம் ஆயத்தீர்வை உரிமமும் லேபிள் அனுமதியும் தனித்தனி. வரியிலும் வித்தியாசம் உண்டு: உணவுப் பொருளுக்கு ஜாப் ஒர்க் கூலி மீது ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, மதுபானத்துக்கு அதே ஜாப் ஒர்க் என்றால் 2021 அக்டோபர் முதல் 18. பியர்க் கனவு இருப்பவர்கள் வேறு மாநிலத்தில் ஆலை பார்க்க வேண்டும், அங்கேயே கொஞ்ச காலம் தங்கவும் தயாராக இருக்க வேண்டும். அது வேறு கதை, வேறு பட்ஜெட்.

இந்த வழிகாட்டி இஞ்சி சோடா, நன்னாரி சோடா, பன்னீர் சோடா, ஆல்கஹால் இல்லாத ஜிஞ்சர் பியர் போன்றவற்றுக்கு.

ஜிஞ்சர் பியர் என்றதும் பலர் இஞ்சியைச் சர்க்கரையோடு ஊறவைத்துப் புளிக்கவிடும் முறைக்குப் போகிறார்கள். வீட்டுச் சமையலறையில் ருசியாக வரும். பாட்டிலில் அடைத்து விற்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள்: லிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை முழுதாகப் புளித்தாலே ஆல்கஹால் 0.6 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மதுபானங்களுக்கான உணவுப் பாதுகாப்பு விதிமுறையில் 0.5ஐத் தாண்டினாலே அது குறைந்த ஆல்கஹால் பானம் என்ற வகைக்குப் போய்விடும். ஒரு சாதாரண குளிர்பானத்தில் லிட்டருக்கு 90, 100 கிராம் சர்க்கரை கிடக்கிறது. ஈஸ்ட் உயிரோடு இருக்கும் பாட்டில் மே மாத வெயிலில் ஒரு பெட்டிக்கடை வாசலில் நின்றால் அது 0.5ஓடு நிற்காது. மேலும் அந்த 10 கிராம் சர்க்கரையே பானத்தின் அளவைப் போல இரண்டரை மடங்கு வாயுவைக் கூடுதலாக உண்டாக்கும். ஏற்கெனவே கேஸ் ஏற்றிய பாட்டிலில் இதுவும் சேர்ந்தால் வெடிக்கும்.

எனவே புளிக்கவைக்காமல், இஞ்சிச் சாறு அல்லது இஞ்சி எக்ஸ்ட்ராக்ட், சர்க்கரைப் பாகு, எலுமிச்சை அல்லது சிட்ரிக் அமிலம், கேஸ் ஏற்றிய தண்ணீர். இவ்வளவு போதும்.

2. ஆலைக்குப் போவதற்கு முன் விலையைப் பின்னாலிருந்து போடுங்கள்

எல்லாரும் அடக்க விலையில் ஆரம்பித்து மேலே போவார்கள். நீங்கள் எம்.ஆர்.பி.யில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள். ஏனென்றால் சர்க்கரையோ சுவையோ சேர்த்த சோடாவுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு. அதற்கு முன் 28 வரி, 12 செஸ். கூட்டினால் அதே 40தான்.

உதாரணத்துக்கு, 250 மி.லி. பாட்டிலுக்கு எம்.ஆர்.பி. 40 ரூபாய் என்று வையுங்கள். கடைக்காரருக்கு எம்.ஆர்.பி.யில் 20 விழுக்காடு விட்டால் அவர் 32 ரூபாய்க்கு வாங்குவார். டிஸ்ட்ரிபியூட்டருக்கு அதில் 8 விழுக்காடு போனால் அவர் உங்களிடம் வாங்குவது 29.50க்கு. இந்த 29.50க்குள் 40 விழுக்காடு வரி அடக்கம். 1.4ஆல் வகுத்தால் உங்கள் கைக்கு வருவது சுமார் 21 ரூபாய்.

அந்த 21க்குள்தான் பாட்டில், மூடி, லேபிள், உள்ளே இருக்கும் பானம், ஆலைக் கூலி, அட்டைப்பெட்டி அல்லது ஷ்ரிங்க், வண்டி வாடகை, உடைந்தது வழிந்தது, கடையிலிருந்து திரும்பி வரும் எக்ஸ்பயரி சரக்கு எல்லாம் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் இப்போதே நிறுத்திவிடலாம். இதுவரை ஒரு பைசா செலவில்லை.

இங்கே இரண்டு பொறிகள். பழச்சாறு சேர்த்தால் வரி குறையும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேஸ் இல்லாத பழச்சாறு பானத்துக்குத்தான் 5 விழுக்காடு. கேஸ் ஏறிவிட்டால் பழச்சாறு இருந்தாலும் 40தான். அடுத்து காம்போசிஷன் திட்டம், அதாவது சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் ஜி.எஸ்.டி.யாகக் கட்டும் வழி. "சின்ன வியாபாரம்தானே, ஒரு விழுக்காட்டில் முடிச்சுடலாம்" என்பார்கள். கேஸ் பானம் உற்பத்தி செய்பவர்களுக்கு அந்தத் திட்டம் 2019 முதல் கிடையாது. ஆடிட்டரிடம் இதை நீங்களே எடுத்துக் கேளுங்கள்.

3. ஆலை தேடுவது

அம்பத்தூர், திருமழிசை, செங்குன்றம், கும்மிடிப்பூண்டி என்று புறநகரைச் சுற்றினால் தண்ணீர், சோடா நிரப்பும் இடங்கள் கண்ணில் படும். கடையில் விற்கும் உள்ளூர் சோடா பாட்டில்களின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'தயாரிப்பு' என்ற இடத்தில் ஒரு முகவரியும் 'சந்தைப்படுத்துவது' என்ற இடத்தில் வேறொரு முகவரியும் இருந்தால், அந்த ஆலை அடுத்தவருக்குப் போட்டுத் தருகிறது என்று அர்த்தம். இதைவிட நல்ல டைரக்டரி கிடையாது.

எப்போது போவது என்பதும் கணக்குதான். பிப்ரவரியிலிருந்து மே முடிய ஆலைக்காரர் உங்கள் போனை எடுக்கவே மாட்டார். அவர் சரக்குக்கே லைன் பற்றாது. மழை தொடங்கியதும் லைன் சும்மா கிடக்கும், பேச்சும் இறங்கி வரும். ஆகஸ்டில் ஆலை பார்த்து, மழைக்காலத்தில் சோதனை போட்டு, ஜனவரி முடிவில் முதல் சரக்கை இறக்குவதுதான் நல்ல திட்டம். ஏப்ரலில் யோசனை வந்து மே மாதம் விற்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு அந்தக் கோடை கிடைக்காது.

ஆலைக்குப் போனதும் ஆபீஸ் ரூமில் உட்காராதீர்கள். இவற்றைப் பாருங்கள்.

லைசென்ஸ் நகல். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் இருக்கிறதா என்பது மட்டும் போதாது. அதில் என்னென்ன பொருள் ஏற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கேஸ் பானம் 14.1.4.1 என்ற வகையில் வரும், கேஸ் இல்லாதது 14.1.4.2. வெறும் குடிநீருக்கு உரிமம் வைத்துக்கொண்டு "எல்லாம் போடலாம் சார்" என்கிற ஆலைகள் உண்டு. உங்கள் வகை அதில் இல்லையென்றால், சேர்த்த பிறகுதான் பேச்சு.

சிரப் தொட்டி. குறைந்தபட்ச அளவை முடிவு செய்வது இதுதான். 500 லிட்டர் தொட்டியில் பாகு கலந்து, ஒரு பங்கு பாகுக்கு ஐந்து பங்கு சோடாத் தண்ணீர் சேர்த்தால் 3,000 லிட்டர். 250 மி.லி.யில் 12,000 பாட்டில். "சும்மா பத்து பெட்டி போட்டுப் பார்க்கலாம்" என்பது அந்த இடத்தில் நடக்காது. சின்னத் தொட்டி, ஒரு 100 லிட்டராவது, இருக்கும் ஆலையாகப் பாருங்கள்.

வாசர். முந்தின நாள் பன்னீர் சோடா ஓடிய லைனில் உங்கள் இஞ்சி சோடா ஓடினால் முதல் சில நூறு பாட்டிலில் ரோஜா வாசனை அடிக்கும். எஃகுக் குழாயைக் கழுவிவிடலாம்; இடையில் இருக்கும் ரப்பர் வாசரும் ஓ-ரிங்கும் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு இணைப்பைக் கழற்றச் சொல்லி அந்த வாசரை முகர்ந்து பாருங்கள். ஆலைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. காஸ்டிக் வெந்நீரில் கழுவுகிறார்களா, வெறும் தண்ணீர் ஓட்டுகிறார்களா என்று அப்போதே தெரிந்துவிடும். உங்கள் ஓட்டத்தைப் பிளெயின் சோடாவுக்கு அடுத்து வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில்லர். தண்ணீர் 4, 5 டிகிரிக்கு இறங்கினால்தான் கேஸ் பிடிக்கும். சென்னை வெயிலில் பழைய சில்லர் திணறும். மதியம் 2 மணிக்குப் போய் அந்த மீட்டரைப் பாருங்கள். காலை 7 மணிக்கு எல்லா சில்லரும் நன்றாகத்தான் வேலை செய்யும்.

கழுத்து. பெட் (பிளாஸ்டிக்) பாட்டிலின் வாய் 28 மி.மீ. என்பார்கள். அதிலேயே 1810, 1881 என்று இரண்டு வகை மரை இருக்கிறது, உயரமும் வேறு. ஆலையின் கேப்பர், அதாவது மூடி போடும் இயந்திரம், எதற்குச் செட் ஆகியிருக்கிறதோ அந்தப் பாட்டில்தான் நீங்கள் வாங்க வேண்டும். அழகாக இருக்கிறது என்று முதலில் பாட்டில் வாங்கிவிட்டு ஆலை தேடினால் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அடிப்பாகம் பூவிதழ் போல ஐந்தாகப் பிரிந்ததாக இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் கேஸ் ஏற்றினால் அடி பிதுங்கி, நிற்காமல் சாயும்.

கோலி சோடா பாட்டிலில் போடலாமே என்று ஆசை வரும், எனக்கும் உண்டு. காலிப் பாட்டிலைக் கடை கடையாகத் திரும்ப எடுக்க ஆள், வண்டி, கழுவும் இயந்திரம் எல்லாம் வேண்டும். முதல் வருடம் வேண்டாம்.

4. ஜாப் ஒர்க்கா, சரக்காக வாங்குவதா?

இரண்டு விதமாக ஒப்பந்தம் போடலாம். முதல் வகையில் சர்க்கரை, ஃபிளேவர், பாட்டில், லேபிள் எல்லாம் உங்களுடையது. ஆலை நிரப்பித் தந்து பாட்டிலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும். இரண்டாவதில் எல்லாம் அவர்களே வாங்கிப் போட்டு, முடிந்த சரக்கை உங்களுக்கு விற்பார்கள்.

இரண்டாவது வகை தலைவலி இல்லாதது போலத் தோன்றும். ஆனால் ஆலை 14 ரூபாய்க்கு விற்றால் மேலே 40 விழுக்காடு வரி 5.60 சேர்த்து 19.60 கொடுத்துத்தான் சரக்கை எடுக்க முடியும். அந்த வரி உங்களுக்குக் கிரெடிட்டாகத் திரும்பும், ஆனால் நீங்கள் விற்ற பிறகு. 12,000 பாட்டிலுக்கு 67,200 ரூபாய் வரியாக மட்டும் முடங்கும். ஜாப் ஒர்க்கில் கூலி மீது 5 விழுக்காடு, பாட்டில் மூடிக்கு அதற்குரிய வரி. முடங்கும் தொகை மிகக் குறைவு. கையில் பணம் கம்மி என்றால் ஜாப் ஒர்க். வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்கிறீர்கள், கோயம்பேட்டுக்கும் பாரிமுனைக்கும் ஓட நேரமில்லை என்றால் இரண்டாவது.

ஜாப் ஒர்க் என்றால் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மூட்டைக்கும் டெலிவரி சலான் போட வேண்டும். அனுப்பிய பொருள் ஒரு வருடத்துக்குள் சரக்காகத் திரும்ப வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் (சரக்கு வண்டிக்கான ஆன்லைன் சீட்டு). ஆலை ஜி.எஸ்.டி. பதிவு பெற்றதாக இருந்தால் அங்கிருந்தே நேராக டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்பலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து ஏற்ற வேண்டாம்.

ஒப்பந்தம் முத்திரைத்தாளில், இரண்டு பேர் கையெழுத்தோடு இருக்கட்டும். வாய்ப்பேச்சில் ஆரம்பித்த ஒரு ஆலையில் எனக்குக் கடைசியில் வந்த பில்லில் ஜெனரேட்டர் டீசலுக்குத் தனியாகக் காசு போட்டிருந்தது. எழுத வேண்டியவை இவை: கூலிக்குள் கரன்ட், டீசல், கேஸ், தண்ணீர் அடக்கமா; வீணாகும் பாட்டில் எத்தனை விழுக்காடு வரை உங்கள் கணக்கு, அதற்கு மேல் யார் கணக்கு; கேஸ் குறைந்தோ மூடி லூசாகியோ திரும்பி வந்தால் யார் ஈடு செய்வது; உங்கள் தேதியை அவர்கள் மாற்றினால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்; மிச்ச லேபிள், மிச்ச மூடி யாரிடம் இருக்கும்.

மிச்ச லேபிளை எண்ணி வாங்கிவிடுங்கள். கழித்துப் போட்ட பாட்டிலில் ஒட்டியதையும் கிழிக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயர் ஒட்டிய பாட்டில் காயலான் கடை வழியாக எங்கே போய் என்ன நிரப்பப்பட்டு வரும் என்று சொல்ல முடியாது.

ரெசிப்பியை மறைக்க ஒரு வழி உண்டு. ஃபிளேவர் விற்கும் நிறுவனத்திடமே உங்கள் கலவையைச் செய்யச் சொல்லி, ஒரு குறியீட்டு எண் போட்டு ஆலைக்கு அனுப்பலாம். ஆனால் வீட்டில் நீங்களே கலந்து கேனில் எடுத்துப் போகாதீர்கள். அப்படிச் செய்தால் உங்கள் வீடும் உற்பத்தி இடம் ஆகிவிடும், அதற்குத் தனி உரிமம் கேட்பார்கள்.

5. காகிதங்கள், எந்த வரிசையில்

உத்யம், அதாவது சிறுதொழில் பதிவு முதலில். ஆதார், பான் போதும், கட்டணம் இல்லை. கூகுளில் தேடினால் மேலே வரும் தளங்கள் பல பணம் கேட்கும். அரசுத் தளம் கேட்காது.

அடுத்து டிரேட்மார்க். பானங்கள் வகுப்பு 32இல் வரும். பியரும் சோடாவும் அதே வகுப்புதான், அதனால் பியர்ப் பெயர்களையும் சேர்த்தே தேட வேண்டும். தேடல் இணையத்தில் இலவசம். தனிநபருக்கும் உத்யம் சான்று இருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. விண்ணப்பித்த நாளிலிருந்தே பெயருக்குப் பக்கத்தில் டி.எம். போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவு முடிந்த பிறகுதான். இதழில் வெளியாகி எதிர்ப்புக்கு மட்டும் நான்கு மாதம் போகும், அதற்காக வேலையை நிறுத்த வேண்டாம். நேரில் விசாரிக்க கிண்டியில் அலுவலகம் இருக்கிறது.

ஜி.எஸ்.டி.க்கு வீட்டு முகவரியே போதும். வாடகை வீடு என்றால் ஒப்பந்தம், கரன்ட் பில், வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம். ஆதார் சரிபார்ப்பு முடிந்தால் 7 வேலை நாளில் வந்துவிடும். நேரில் பார்க்க ஆள் அனுப்பினால் 30 நாள் வரை ஆகும்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இதில்தான் பலர் குழம்புகிறார்கள். ஆலைக்கு உரிமம் இருக்கிறது, எனக்கு எதற்கு என்று கேட்பார்கள். பிராண்ட் உங்களுடையது என்றால் உங்களுக்கும் வேண்டும். லேபிளில் இரண்டு எண்களும் வர வேண்டும். ஃபாஸ்காஸ் என்ற அவர்களுடைய உரிமத் தளத்தில் விண்ணப்பிக்கும்போது நீங்கள் உற்பத்தியாளர் பிரிவைத் தேர்ந்தெடுத்தால் இயந்திரப் பட்டியல், தண்ணீர்ப் பரிசோதனை, வரைபடம் என்று கேட்டுக்கொண்டே போகும். உங்களிடம் அதெல்லாம் இருக்காது. லேபிளோடு முடிந்து வரும் சரக்கை உங்கள் பெயரில் விற்பவருக்கு மார்க்கெட்டர் பிரிவு. ஆலையோடு போட்ட ஒப்பந்தத்தையும் ஆலையின் உரிம நகலையும் சேர்த்து ஏற்றிவிடுங்கள். பதிவா, மாநில உரிமமா என்பதை விற்றுமுதல் முடிவு செய்யும். அந்த வரம்பைத் தளத்திலேயே தகுதிப் பக்கத்தில் அன்றைய தேதிக்குப் பாருங்கள், மூன்றாம் ஆள் சொல்வதை நம்ப வேண்டாம். கேள்வி ஏதும் வராவிட்டால் சீக்கிரம் முடியும். மாநில உரிமத்துக்குச் சட்டப்படி 60 நாள் வரை எடுக்கலாம் என்பதால் அந்த 60ஐ உங்கள் அட்டவணையில் போட்டுக்கொள்ளுங்கள். தளத்தில் கேள்வி எழுப்பியிருப்பார்கள், நமக்கு மெயில் ஸ்பாமில் போயிருக்கும். உள்ளே நுழைந்து நீங்களே அடிக்கடி பாருங்கள்.

எடையளவு, அதாவது பொட்டலப் பொருள் விதிகள். பாக்கராக (பொருளை அடைப்பவராக) உங்கள் பெயர் லேபிளில் போகிறதென்றால் பேக்கிங் தொடங்கி 90 நாளுக்குள் பதிவு. கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையரகம், தொழிலாளர் ஆணையரகம் இரண்டுமே தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில். மெட்ரோவில் ஏ.ஜி. டி.எம்.எஸ். நிலையத்தில் இறங்கினால் ஒரே நடையில் இரண்டையும் விசாரித்துவிட்டு வரலாம். மதிய சாப்பாட்டு நேரத்தைத் தவிருங்கள்.

பெட் பாட்டில் என்பதால் பிராண்ட் உரிமையாளருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிளாஸ்டிக் பொறுப்புத் தளத்தில் என்ன கடமை என்பதையும் ஆடிட்டரோடு உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் குளிர்பான பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. ஊட்டி சீசனை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

6. ரெசிப்பியை ஆலைக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது

வீட்டில் நன்றாக வந்த இஞ்சி சோடா ஆலையில் அப்படியே வராது. கோயம்பேட்டில் வாங்கும் பச்சை இஞ்சியில் மாவுச்சத்து இருக்கிறது. மூன்றாம் நாள் பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும். கடைக்காரர் அதைக் கெட்டுப்போன சரக்கு என்றே சொல்வார். இஞ்சி விலையும் வாரத்துக்கு வாரம் ஆடும். எக்ஸ்ட்ராக்ட் பயன்படுத்தினால் தெளிவாக வரும், காரம் மாறாது. பாரிமுனைப் பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் எசென்ஸ் கிடைக்கும், ஆனால் அங்கே சில்லறையாக வாங்கும் பாட்டிலுக்குப் பரிசோதனைச் சான்று வராது. ஆலைக்கு அனுப்பும் ஃபிளேவருக்குத் தொகுதி எண்ணோடு சான்று தருபவரிடம் மட்டும் வாங்குங்கள்.

எலுமிச்சை வைத்துச் செய்பவர்களுக்கு ஒன்று. சோடியம் பென்சோயேட் போட்ட பானத்தில் வைட்டமின் சியும் இருந்தால், வெயிலும் வெளிச்சமும் படும்போது பென்சீன் உருவாகலாம். வைட்டமின் சி சேர்த்து 'ஆரோக்கியம்' என்று எழுத ஆசைப்பட்டால் பென்சோயேட்டை விட்டுவிட்டு வேறு பாதுகாப்பு முறையைப் பற்றி ஃபிளேவர் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆளிடம் கேளுங்கள்.

சின்னத் தொட்டியில் ஒரு சோதனை ஓட்டம் போட்டு, சில பாட்டிலை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குக் கொடுங்கள். நுண்ணுயிர், பி.எச்., ஊட்டச்சத்து மூன்றும் வேண்டும். ஊட்டச்சத்து அறிக்கை இல்லாமல் லேபிள் எழுத முடியாது. இன்னும் சில பாட்டிலை மொட்டை மாடியில் நிழலில் வைத்து, வாரம் ஒன்றைத் திறந்து பாருங்கள். பெட் சுவர் வழியாகக் கேஸ் மெல்ல வெளியேறும். பாட்டில் சின்னதானால் சீக்கிரம் போகும். எத்தனையாவது வாரம் 'புஸ்' சத்தம் குறைகிறதோ அதற்கு முன்னால்தான் உங்கள் காலாவதித் தேதி இருக்க வேண்டும்.

7. லேபிள், இப்போதுதான்

உரிம எண், ஆய்வக அறிக்கை, ஆலை முகவரி மூன்றும் கையில் வந்த பிறகுதான் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

லேபிளில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், சேர்மானங்கள் அதிகத்திலிருந்து குறைவு என்ற வரிசையில், சேர்க்கைப் பொருள்களின் (நிறம், பதப்படுத்தி போன்றவை) ஐ.என்.எஸ். எனும் சர்வதேசக் குறியீட்டு எண், 100 மி.லி.க்கான ஊட்டச்சத்துப் பட்டியல், பச்சைப் புள்ளி, நிகர அளவு, இரண்டு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்கள், தயாரிப்பாளர் முகவரி, உங்கள் முகவரி, தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, எல்லா வரியும் சேர்த்த எம்.ஆர்.பி., ஒரு மி.லி.க்கு என்ன விலை என்ற கணக்கு, புகார் சொல்லத் தொலைபேசியும் மின்னஞ்சலும்.

தேதி, தொகுதி எண், எம்.ஆர்.பி., மி.லி. விலை நான்கையும் அச்சிடாமல் காலியிடம் விடுங்கள். ஆலையின் இங்க்ஜெட் அடித்துவிடும். விலை மாறினால் லேபிள் குப்பைக்குப் போகாது.

முன்பக்கத்தில் 'ஜிஞ்சர் பியர்' என்று பெரிதாகப் போட்டால் கடைக்காரரில் ஆரம்பித்து எல்லாரும் கேள்வி கேட்பார்கள்; பள்ளிக்கூடம் பக்கத்துக் கடை வாங்கவே வாங்காது. 'இஞ்சி சோடா' என்று போட்டுவிட்டுப் பிழைப்பைப் பாருங்கள்.

முதல் ஓட்டத்துக்கு டிஜிட்டலில் அடித்த ஸ்டிக்கர் போதும். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் சின்ன அளவிலும் அடித்துத் தருவார்கள். ஸ்லீவ் லேபிள் அழகுதான், ஆனால் வண்ணத்துக்கு ஒரு அச்சுச் சிலிண்டர் வெட்ட வேண்டும், குறைந்தபட்ச அளவும் அதிகம். மூன்றாவது நான்காவது ஓட்டத்தில் யோசிக்கலாம்.

8. நிரப்பும் நாள்

நீங்கள் அங்கே இருக்க வேண்டும். போனில் கேட்டுக்கொள்ளலாம் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாகு கலந்ததும், லைன் ஓடத் தொடங்கியதும், பிறகு ஒவ்வொரு அரை மணிக்கும் இனிப்பு அளவைப் பாருங்கள். உங்கள் அளவு 9.5 பிரிக்ஸ் (நூறு கிராமில் இத்தனை கிராம் சர்க்கரை) என்றால் 9.3, 9.7க்கு வெளியே போனதும் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதையும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். கேஸ் அளவு பார்க்கும் கருவி ஆலையிலேயே இருக்கும்: பாட்டில் மூடியைக் குத்தி அழுத்தம் பார்த்து, வெப்பநிலையோடு அட்டவணையில் ஒப்பிடுவார்கள். இஞ்சி சோடாவுக்கு 3லிருந்து 3.5 வால்யூம், அதாவது பானத்தின் அளவைப் போல அத்தனை மடங்கு கேஸ், நன்றாக இருக்கும்.

நிரப்பும்போது பாட்டில் வாயிலிருந்து நுரை வழிகிறதா என்று கவனியுங்கள். வழிந்தால் தண்ணீர் சூடாக இருக்கிறது அல்லது பாகில் காற்று இருக்கிறது. அப்படியே மூடினால் அளவு குறையும். 250 என்று அச்சிட்டு 240 இருந்தால் எடையளவு ஆய்வில் மாட்டுவது ஆலை மட்டும் இல்லை, நீங்களும்தான். ஓட்டத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் சில பாட்டில்களை எடுத்து, காலாவதித் தேதி தாண்டும்வரை வீட்டில் பத்திரமாக வையுங்கள். யாராவது புகார் சொன்னால் ஒப்பிட வேறு வழி இருக்காது.

9. சரக்கு வெளியே போன பிறகு

எந்தத் தொகுதி எந்தக் கடைக்குப் போனது என்று ஒரு எக்செல் தாளில் எழுதிவையுங்கள். திரும்ப எடுக்கச் சொன்னால் அந்தத் தாள்தான் உதவும். ஆலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தயாரிப்பைப் பரிசோதித்து ஃபாஸ்காஸில் ஏற்ற வேண்டும்; உங்கள் பானத்தின் அறிக்கையும் அதில் இருக்கிறதா என்று நகல் கேட்டு வாங்குங்கள். மே 31க்குள் ஆலை தன் ஆண்டு அறிக்கையையும் அங்கே கொடுக்க வேண்டும்.

கடைகளில் கடன் கேட்பார்கள், டிஸ்ட்ரிபியூட்டர் 'எக்ஸ்பயரி நீங்க எடுத்துக்கணும்' என்பார். முதல் ஓட்டத்தில் இரண்டையும் ஒரு பகுதிக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக அண்ணாநகரில் ஆரம்பித்தால் அங்கேயே முடியுங்கள். வண்டி வாடகையும் அடங்கும், திரும்பி வரும் சரக்கையும் கண்ணால் பார்க்கலாம். கடை வாசலில் வெயிலில் பெட்டியை அடுக்கியிருந்தால் நீங்களே இறங்கி உள்ளே நகர்த்திவிடுங்கள். சொல்லிவிட்டு வந்தால் நடக்காது.

இரண்டாவது ஓட்டத்துக்கான தேதியை, முதல் சரக்கு பாதி விற்றதும் ஆலையில் சொல்லி, அட்வான்ஸ் கட்டிவிடுங்கள். ஆனால் மார்ச் மாதத் தேதி வேண்டும் என்றால் அதை டிசம்பரிலேயே பேசி எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.